பாசியைக் கரைக்கும் பாக்டீரியா வேலை செய்யவில்லையா? அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் வழி

பாசியின் செல்சுவரில் உள்ள அகார், அல்ஜினேட், கராஜீனன் என்ற நீண்ட சர்க்கரைத் தொடர்களைச் சிதைக்கும் கடல் பாக்டீரியாவை வளர்த்து, அதன் நொதியைக் கொண்டு பாசியிலிருந்து சிறு சர்க்கரைத் தொடர்களையோ நிறமியையோ எடுக்கும் சின்ன ஆய்வகங்களுக்காக இதை எழுதுகிறேன். மண்டபம், ராமேஸ்வரம், தூத்துக்குடிக் கடற்கரைப் பாசியை வைத்து வேலை செய்பவர்களிடம் திரும்பத் திரும்ப வருவது இதே ஏழெட்டுக் கோளாறுகள்தான். வேலை நின்றதும் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது பாக்டீரியாவை. உடனே புது இனம் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பழுது பெரும்பாலும் பாசியிலோ உப்பிலோ வளர்ப்பு ஊடகத்திலோதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும், செலவு பிடிப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் நான்கு குழாய்

1. நொதி, 0.2 சதவீத சுத்த அகார் கரைசல்
2. நொதி, பாசி மாவு
3. பத்து நிமிடம் கொதிக்கவைத்த நொதி, பாசி மாவு
4. நொதி, சுத்த அகார், பாசி ஊறிய தண்ணீர்

நான்குக்கும் ஒரே வெப்பநிலை, ஒரே பிஎச், ஒரே நேரம். ஒரு மணி நேரம் கழித்து டிஎன்எஸ் என்ற நிறமாற்ற முறையில் 540 நானோமீட்டரில் ஒடுக்கும் சர்க்கரையை, அதாவது நொதி வெட்டியதால் உண்டான சர்க்கரை முனைகளை, அளக்க வேண்டும். நாலாவது குழாயில் பாசித் தண்ணீரின் சொந்த நிறமும் சேர்ந்துவிடும் என்பதால், கொதிக்கவைத்த நொதியோடு அதற்கென்று தனியாக ஒரு ப்ளாங்க் (ஒப்பீட்டுக் குழாய்) வைத்துக் கழித்துவிடுங்கள். பழுப்புப் பாசி என்றால் சுத்த அகாருக்குப் பதிலாகச் சோடியம் அல்ஜினேட், கராஜீனன் தரும் கப்பாபைகஸ் பாசி என்றால் கப்பா கராஜீனன்.

இந்த நான்கு எண்களும் கையில் இல்லாமல் கீழே போக வேண்டாம். பல இடங்களில் எந்தக் கிளையில் இறங்குவது என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

## அறிகுறி: தட்டில் குழியும் விழவில்லை, வளையமும் தெரியவில்லை

நொதி அகாரைக் கரைத்தால் காலனியைச் சுற்றிக் குழியோ வெளிறிய வளையமோ தெரிய வேண்டும். தட்டு காய்ந்திருக்கிறதா? இன்குபேட்டரில் பல நாள் இருந்த அகார் தட்டு ஓரத்தில் சுருங்கியிருந்தால் நொதி பரவ ஈரம் இருக்காது. ஒட்டுத்தாள் சுற்றி, ஈரத் துணி போட்ட டப்பாவில் மறுபடி வையுங்கள். கடல் பாக்டீரியாவுக்கு 28 முதல் 30 டிகிரி போதும். மருத்துவ ஆய்வகப் பழக்கத்தில் 37 டிகிரியில் வைத்தால், வளர்ந்தாலும் குழி விழாமல் போகும் இனங்கள் உண்டு.

உப்பு போட்டீர்களா? பலவற்றுக்குச் சோடியம் இல்லாமல் வளர்ச்சியே இல்லை. சாதாரண நியூட்ரியண்ட் அகாரில் போட்டுவிட்டு, இனம் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கடல் உப்புகள் கலந்த சோபெல் மரைன் அகாரிலோ வடிகட்டிய கடல்நீர் ஊடகத்திலோ போட்டுப் பாருங்கள்.

அயோடின் ஊற்றிப் பார்த்தீர்களா? எல்லா இனமும் கண்ணுக்குத் தெரியும்படி குழி பறிக்காது. ஒரு கிராம் அயோடின், இரண்டு கிராம் பொட்டாசியம் அயோடைடு, 300 மில்லி தண்ணீர். இந்தக் கரைசலைத் தட்டில் ஊற்றிச் சில நிமிடம் கழித்துக் கவிழ்த்துவிடுங்கள். சிதையாத அகார் கரும்பழுப்பாகும். நொதி வேலை செய்த இடம் வெளிறி நிற்கும். அயோடின் பட்ட காலனி பிழைக்காது, ஆகவே ஊற்றும் முன் வேறொரு தட்டுக்கு மாற்றிவைத்துவிட வேண்டும். அயோடின் கரைசல் வெளிர் மஞ்சளாகிவிட்டால் பழசு என்று அர்த்தம், புதிதாகக் கலக்குங்கள்.

சரியான தளத்தில்தான் பார்க்கிறீர்களா? அல்ஜினேட்டைச் சிதைக்கும் இனத்தை அகார் தட்டில் வைத்துக் குழி தேடுவது அடிக்கடி நடக்கிறது. அல்ஜினேட் கலந்த தட்டில் வளர்த்து, மேலே கால்சியம் குளோரைடு கரைசலை ஊற்றுங்கள். சிதையாத இடம் வெண்மையாக உறையும், காலனியைச் சுற்றித் தெளிவாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றுமே தெரியவில்லை என்றால் முதலில் சேமித்துவைத்த ஆதிப் பங்கிலிருந்து புதிதாக எடுத்துப் போடுங்கள். அதிலும் இல்லையென்றால் கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: தட்டில் நல்ல வளையம், ஆனால் திரவ வளர்ப்பில் நொதி இல்லை

பெரும்பாலும் குளுக்கோஸ்தான் காரணம். சுலபமான சர்க்கரை கிடைக்கும்போது இந்தப் பாக்டீரியாக்கள் அகாரை வெட்டும் நொதியான அகாரேஸைச் சுரப்பதை நிறுத்திவிடுகின்றன. ஊடகத்தில் குளுக்கோஸை விட்டுவிட்டு, 0.1 முதல் 0.3 சதவீதம் அகாரைத் தூண்டுபொருளாகச் சேருங்கள். அகார் விலை உறுத்தினால் அகார் தரும் சிவப்புப் பாசியான கஞ்சிப்பாசியைக் கழுவி அரைத்த மாவே போதும். பல இனங்கள் அதில் நன்றாகவே சுரக்கின்றன.

சரி, குளுக்கோஸ் இல்லை, அகாரும் இருக்கிறது, அப்படியும் வரவில்லையா? எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். ஒரே ஒரு முறை, ஆறு மணிக்கொரு தரம் இரண்டு நாளைக்கு மாதிரி எடுத்து அளந்துவிட்டால், உச்சம் எப்போது என்று தெரிந்துவிடும். உச்சம் தாண்டியதும் பாக்டீரியாவின் சொந்தப் புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) நொதியைத் தின்னத் தொடங்கும். காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட வளர்ப்புகள் அநேகமாக இந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கும்.

அடுத்து, நொதி செல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றியபின் தெளிநீரை மட்டும் அளக்காமல், அடியில் படிந்த செல்லையும் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) கலக்கி அளக்க வேண்டும். செல் பக்கம் எண் வருகிறது, தெளிநீரில் இல்லை என்றால் நொதி வெளியே வரவில்லை. அல்லது தூண்டுபொருளாகப் போட்ட அகார்த் துகளில் ஒட்டி அடியில் தங்கியிருக்கும்.

அளவிலும் தப்பு வரலாம். பஃபரில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ இருந்தால் கால்சியம் தேவைப்படும் நொதி படுத்துவிடும். இன்னொன்று, மரைன் பிராத்தில் இரும்பு வீழ்படிவு இயல்பாகவே இருக்கும். அந்தக் கலங்கலை வளர்ச்சி என்று நினைத்து ஓடியை (கலங்கலை வைத்து வளர்ச்சியைக் காட்டும் எண்ணை) நம்பிவிடாதீர்கள். கடல் உப்பையும் பாஸ்பேட்டையும் சேர்த்து ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் சூடாக்குதல்) செய்தாலும் இதே கலங்கல் வரும். தனித்தனியாகச் செய்து ஆறியபின் கலக்குங்கள்.

## அறிகுறி: சுத்த அகாரில் பாய்கிறது, பாசியில் நகரவே மாட்டேன் என்கிறது

அதிக நேரம் வீணாவது இந்த அறிகுறியில்தான். இங்கே கிளை பிரிப்பது நாலாவது குழாய்.

### நாலாவது குழாயிலும் எண் விழுந்துவிட்டது

பாசித் தண்ணீரில் நொதியைத் தடுக்கும் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

முதல் சந்தேகம் உப்பு. காய்ந்த பாசியில் சாம்பல் பங்கு, அதாவது தாது உப்பு, மிக அதிகம். கப்பாபைகஸை, ஊர்வழக்கில் பெப்சி பாசி என்கிறார்களே அதை, மூட்டையிலிருந்து எடுத்தால் தண்டின் மேல் வெள்ளைப் படிகம் பூத்திருக்கும். அதில் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடு. கையில் தேய்த்தால் நறநறவென்று உதிரும். நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்து, மறுபடி ஊறவைத்து, கழுவிய தண்ணீரின் மின்கடத்துத்திறன் குழாய்த் தண்ணீரின் அளவுக்கு இறங்கும்வரை கழுவுங்கள். கடத்துத்திறன் மீட்டர் இல்லையென்றால், குறைந்தது மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். உங்கள் நொதிக்குக் கொஞ்சம் உப்பு தேவை என்றால், அதை நீங்களே அளந்து போடுவதுதான் முறை. பாசி கொண்டுவரும் உப்பை நம்பினால் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு விடை வரும்.

இரண்டாவது சந்தேகம் பாலிஃபீனால். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசியில் இது ஏராளம். புரதத்தைப் பிடித்துக்கொண்டு நொதியை முடக்கிவிடும். ஊறிய தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்து, நேரம் ஆக ஆக இன்னும் கறுத்தால் இதுதான். 70 சதவீத எத்தனாலில் அரைத்த மாவை ஊறவைத்து, எத்தனால் நிறமில்லாமல் வரும்வரை வடித்துவிட்டு, மீதி எத்தனாலை ஆவியாக்கிய பின்பு நொதி சேருங்கள். எத்தனால் செலவைக் குறைக்க வேண்டுமானால் ஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி பொடி சேர்த்து வடிகட்டிப் பார்க்கலாம். அல்ஜினேட் ஆலைகளில் ஃபார்மலின் போட்டு ஃபீனாலைக் கட்டிவிடும் வழக்கம் உண்டு. அது நொதி வேலைக்கு ஆகவே ஆகாது. ஃபார்மலின் பாசியில் தங்கினால் நொதியையும் சேர்த்துக் கட்டிவிடும்.

மூன்றாவது பிஎச். பழுப்புப் பாசியைச் சோடியம் கார்பனேட்டில் கரைத்தவர்கள் பிஎச் 10 பக்கம் நிற்பதை மறந்து நொதியை ஊற்றிவிடுகிறார்கள். 7.5க்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும்.

### நாலாவது குழாய் நன்றாக இருக்கிறது, இரண்டாவது மட்டும் மோசம்

நொதி நலமாக இருக்கிறது. பாசிக்குள்தான் நுழைய முடியவில்லை.

மாவை விரலில் எடுத்துத் தேயுங்கள். மணல் போல் நெருடினால் இன்னும் அரைக்க வேண்டும். உலர்த்தி அரைத்த மாவைச் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மறுபடி மிக்ஸியில் போடுங்கள். மிக்ஸி சூடாகும்போது நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். மணலும் சிப்பித் தூளும் கலந்த பாசி என்றால் பிளேடு மழுங்கிவிடும் என்பதால், முதலில் கழுவிப் பொறுக்குவதே நல்லது. அப்படிப் பொறுக்கும்போது இனமும் கலந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். கஞ்சிப்பாசி மூட்டையில் கட்டக்கோரைத் துண்டுகள் கிடந்தால், அகாரேஸ் அவற்றை ஒன்றும் செய்யாது.

அரைத்தும் போதவில்லையா? வேக வையுங்கள். கஞ்சிப்பாசியையும் மரிக்கொழுந்துப் பாசியையும் 121 டிகிரியில் இருபது, முப்பது நிமிடம் தண்ணீரில் ஆட்டோகிளேவ் செய்தால் அகார் வெளியே கரைந்து வரும். 45 டிகிரிக்கு இறங்கியதும் நொதியைக் கலக்குங்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அகார் 40 டிகிரிப் பக்கம் உறையத் தொடங்கும். பல கடல் அகாரேஸ்களோ 45 டிகிரிக்கு மேல் தாங்குவதில்லை. உங்கள் நொதியை மட்டும் 45 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு சுத்த அகாரில் அளந்து பாருங்கள். பாதிக்கு மேல் போய்விட்டது என்றால் பாசியின் அளவைக் குறைத்து, 40 டிகிரியிலும் ஓடும் பதத்தில் வைத்துக்கொள்வதே வழி.

பழுப்புப் பாசியில் அல்ஜினேட் கால்சியத்தோடு பிணைந்து இருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, அப்புறம் கார்பனேட்டில் கரைத்து, பிஎச் சரிசெய்து நொதி ஊற்றினால் நகரும்.

இன்னும் நகரவில்லை என்றால் செல்லுலோஸ் குறுக்கே நிற்கிறது. கடையில் கிடைக்கும் செல்லுலேஸைச் சிறிது சேர்த்துப் பாருங்கள். இது காசு பிடிக்கும் என்பதால் கடைசியில் வைத்தேன். ஆனால் நிறமி எடுப்பவர்களுக்கு இதுதான் முதல் வழி, ஏனென்றால் அவர்களால் வேகவைக்க முடியாது.

## அறிகுறி: பாத்திரம் முழுக்க உறைந்துவிட்டது

அகார் என்றால் சூடு இறங்கியிருக்கும். மறுபடி உருக்க 85 டிகிரிக்கு மேல் போக வேண்டும். உள்ளே போட்ட நொதி அதில் செத்துவிடும். ஆகவே உருக்கி, ஆற்றி, புது நொதி ஊற்றுங்கள். முதலில் மொத்த நொதியில் கால் பங்கை ஊற்றிக் கலக்கி, பிசுபிசுப்பு இறங்கியபின் மீதியை ஊற்றுவது என் வழக்கம். மாவு இட்லி மாவுப் பதத்தைவிடக் கெட்டியாக இருந்தால் கலக்கியின் கம்பி சுற்றும் இடத்தில் மட்டும் கரையும், ஓரம் அப்படியே நிற்கும்.

கப்பாபைகஸ் என்றால் பொட்டாசியம். கழுவாத பாசியின் பொட்டாசியமே கராஜீனனை உறைய வைத்துவிடும். பஃபரில் பொட்டாசியம் பாஸ்பேட் போட்டிருந்தால் சோடியம் பாஸ்பேட்டுக்கு மாறுங்கள்.

கட்டக்கோரை என்றால் கால்சியம். நொதியை நிலைநிறுத்தக் கால்சியம் குளோரைடு சேர்ப்பவர்கள் அல்ஜினேட் வேலையில் அளவை மிகக் கவனமாகக் குறைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் செய்தாலும் இது நடக்கும்.

## அறிகுறி: சர்க்கரை ஏறியது, மறுநாள் இறங்கிவிட்டது

யாரோ தின்கிறார்கள். நொதி வேண்டி வளர்த்த பாக்டீரியா உயிரோடு பாத்திரத்துக்குள் போயிருந்தால், வெட்டிக் கொடுத்த சர்க்கரையை அதுவே உணவாக்கிக்கொள்ளும். அது அதன் இயல்பு. தெளிநீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் தள்ளிய பிறகே பாசியில் சேருங்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டால் வேகமாகச் சுற்றிவிட்டு, முதலில் 0.45 மைக்ரானில் வடிகட்டுங்கள்.

வடிகட்டியும் இறங்குகிறதா? பாசியின் மேல் வந்த பாக்டீரியாவாக இருக்கும். வேகவைக்காத பாசியில் இது எப்போதும் உண்டு. சிறு குழாய்ச் சோதனைக்கு மட்டும் 0.02 சதவீத சோடியம் அசைடு சேர்த்துப் பார்க்கலாம். அப்போது இறக்கம் நின்றால் காரணம் உறுதி. அசைடு கடும் விஷம். அமிலத்தோடு சேரக்கூடாது, உலோகக் குழாய் வழியாக ஊற்றக்கூடாது, உணவுக்கோ தீவனத்துக்கோ போகும் எதிலும் கூடவே கூடாது.

இரண்டும் இல்லையென்றால் நேரத்தைச் சுருக்குங்கள். உச்சம் தொட்டதும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து நிறுத்திவிட வேண்டும். நீண்ட தொடர்கள் வேண்டியவர் ஒரு ராத்திரி விட்டுவைத்தால் இரட்டைச் சர்க்கரை மட்டுமே மிஞ்சும். சில இனங்கள் அதையும் ஒற்றைச் சர்க்கரையாக உடைத்துவிடும்.

## அறிகுறி: நாற்றம், நுரை, குமிழி

அழுகிய முட்டை வாசனை வந்தால் அந்தத் தொகுதியை ஆட்டோகிளேவ் செய்து கொட்டிவிடுங்கள். காப்பாற்ற முயல வேண்டாம். அடுத்த முறை பாசியை வாங்கும் இடத்திலேயே பாருங்கள். ஈரமாகச் சாக்கில் கட்டி இரவு முழுக்கக் கிடந்த பாசியிலிருந்து பழுப்பு நீர் கசியும், தண்டு வழுவழுக்கும். அது ஏற்கெனவே அழுகத் தொடங்கியது. எடுத்த அன்றே கழுவி நிழலில் பரப்ப ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வாங்காதீர்கள்.

## அறிகுறி: சிவப்பு நிறமி வெளிறிவிட்டது

வெயிலில் காய்ந்த சிவப்புப் பாசியில் ஃபைகோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமியை எதிர்பார்க்க வேண்டாம். புதிய பாசி, இருட்டு, குளிர்ந்த பஃபர் என்பதே அடிப்படை. வெளிறாத சாற்றில் 498, 545, 565 நானோமீட்டர்ப் பக்கம் ஏற்றம் தெரியும். அவை தெரியாமல் சிவப்பாக மட்டும் இருந்தால் நிறமியின் பெயரைச் சொல்லி விற்காதீர்கள்.

## அறிகுறி: எண் நன்றாக வந்தது, எத்தனாலில் ஒன்றும் வீழவில்லை

வெட்டு அதிகமாகிச் சங்கிலிகள் குட்டையாகிவிட்டன. குட்டைத் தொடர்கள் எத்தனாலிலேயே கரைந்து நிற்கும். வீழ்ந்த வெள்ளைப் பொடி உப்பாகவும் இருக்கலாம். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். டிஎல்சி (மெல்லிய தகட்டில் பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) ஓட்டுங்கள். பியூட்டனால், அசெட்டிக் அமிலம், தண்ணீர் 2:1:1 விகிதம். உலர்ந்தபின் எத்தனாலில் கலந்த கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் சர்க்கரைப் புள்ளி கறுக்கும். புள்ளி வட்டமாக இல்லாமல் வாலாக இழுத்துக்கொண்டு போனால் உப்பு இருக்கிறது, முதலில் அதை நீக்குங்கள்.

அல்ஜினேட்டை வெட்டும் நொதியான அல்ஜினேட் லையேஸ் வேலையில், வெட்டிய இடத்தில் உண்டாகும் இரட்டைப் பிணைப்பு காட்டும் 235 நானோமீட்டர் ஏற்றத்தை வைத்து அளப்பது வசதி. ஆனால் ஃபீனால் கலந்த கட்டக்கோரைச் சாற்றில் அந்த அளவீட்டை நம்ப முடியாது, ஃபீனாலும் புற ஊதாவை உறிஞ்சும். அகாரேஸுக்கு 235 பொருந்தவே பொருந்தாது. அது வெட்டும் முறை வேறு, அங்கே இரட்டைப் பிணைப்பு உண்டாவதில்லை.

எந்த நீளத் தொடர்கள் எவ்வளவு என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஹெச்பிஎல்சியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும் வேண்டும். இதை வெளி ஆய்வகத்திடம் கொடுத்துவிடுங்கள். உப்பு நீக்கிய மாதிரியாகக் கொடுங்கள், இல்லையென்றால் காசு வீண்.

## அறிகுறி: முன்பு நன்றாக இருந்த இனம் மெல்ல மெல்லச் சோர்ந்துவிட்டது

வளமான ஊடகத்தில் மாற்றி மாற்றிப் போட்ட இனத்தில், நொதி குறைவாகச் சுரக்கும் செல்களே பெருகிவிடும். அகார் மட்டுமே கார்பனாக இருக்கும் தட்டில் தனிக் காலனிகளாகப் பரப்பி, அகலமான வளையம் உள்ளதைப் பொறுக்குங்கள். பொறுக்கிய அன்றே 20 சதவீத கிளிசரால் பங்குகள் பல செய்து மைனஸ் 80இல் வையுங்கள். ஒரு குழாயை உருக்கி மறுபடி உறைய வைப்பதைவிட, சிறு சிறு குழாய்களாக வைத்து ஒன்றை எடுத்து முடித்துவிடுவது மேல். வளையமே இல்லாத காலனிகள் பாதிக்கு மேல் இருந்தால் வேறு பாக்டீரியா கலந்திருக்கலாம். கிராம் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்.

## இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடுங்கள்

இனத்தின் பெயர் தெரியாமல் லிட்டர் கணக்கில் வளர்க்கக் கூடாது. பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாக்களில் விப்ரியோ குடும்பத்தவை நிறைய. மனிதருக்கும் இறாலுக்கும் நோய் தருபவையும் அந்தக் குடும்பத்தில் இருக்கின்றன. விப்ரியோவைப் பிரித்தறியும் டிசிபிஎஸ் தட்டில் மஞ்சளாகவோ பச்சையாகவோ வளர்ந்தால் அங்கேயே நிறுத்தி இனம் அறிய உதவும் 16எஸ் மரபணு வரிசைச் சோதனைக்கு அனுப்புங்கள். அது மட்டும் இனத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டாவிட்டால் நோய்க்காரண மரபணுச் சோதனையும் கேளுங்கள். நல்ல இனம் என்று உறுதியானால் ஒரு பங்கைச் சண்டிகரில் உள்ள எம்டிசிசி நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் வைத்துவிடுங்கள். உங்கள் ஃப்ரீசர் மின்வெட்டில் போனாலும் இனம் இருக்கும்.

உணவாகவோ தீவனமாகவோ ஆக்கும் எண்ணம் இருந்தால், முதல் கிலோ பாசி வாங்கும்போதே என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் பார்த்துவிடுங்கள். கட்டக்கோரை வகைகளில் கனிம ஆர்சனிக் தனியாக எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும், மொத்த ஆர்சனிக் எண் மட்டும் போதாது. எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதிக்கு என்னென்ன தேவை என்பதை அந்தத் துறை தெரிந்த ஆலோசகரிடம் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பாசியைப் பற்றிய சந்தேகத்துக்கு மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் நிலையமும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இருக்கின்றன. இனம் தெரியாத பாசித் துண்டைக் கடல்நீரில் போட்டு உயிரோடு எடுத்துப் போங்கள். காய்ந்த பொடியைக் கண்ணால் பார்த்து இனம் சொல்ல முடியாது.